கரும்பலகைக்கு வராத விடை

பி.எட். படிக்கப்போன முதல் வாரத்திலேயே ஒரு விதியை எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னார்கள்: தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போக வேண்டும். பிள்ளைக்கு ஏற்கனவே என்ன தெரியுமோ அதைத் தொட்டுத்தான் பாடத்தை ஆரம்பிக்கணும். நல்ல விதிதான். இப்போது நானே பி.எட். மாணவர்களுக்கு உயிரியல் கற்பிக்கும் முறையைச் சொல்லித்தருகிறேன். முதல் வாரத்தில் நானும் அதையேதான் எழுதிப்போடுகிறேன். ஆனால் 'யாருக்குத் தெரிந்தது?' என்று கூடவே ஒரு கேள்வியைக் கேட்க எனக்கு முப்பது வருஷம் ஆச்சு.

நான் முதன்முதலில் உயிரியல் படித்தது பள்ளிக்கூடத்தில் இல்லை. எங்க சேரிக்குப் பின்னால் இருந்த புளியமரத்தடியில். ஊர்த்தெருவில் மாடு செத்தால் எங்க பெரியப்பாவுக்குத்தான் ஆள் வரும். தூக்கிக்கொண்டு போகக் கூலி கிடையாது. தோலும் கறியும்தான் கூலி. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. எங்க தலைமேல் கட்டிவைத்த வேலை அது. அதை விட்டொழிக்கத்தான் எங்கப்பா என்னைப் படிக்க வைத்தார். ஆனால் பெரியப்பா கத்தி வைத்தால் ஒரு உறுப்பும் பிசகாமல் வெளியே வரும். ஈரல், நுரையீரல், குண்டிக்காய், சுவரொட்டி என்று ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி எடுத்துவைப்பார். வயிற்றைக் கழுவி விரித்தால் நாலு அறை இருக்கும். ஒன்று கம்பளி போலச் சொரசொரப்பு. ஒன்று தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமாக. ஒன்று புத்தகத்தைப் பிரித்தது போல ஏடு ஏடாக. நாலாவது வழவழப்பு. "பாரு கண்ணு, தின்னத வாய்க்குத் திருப்பிக் கொண்டாந்து அசபோட்டுட்டுத்தான் இந்த ஏட்டுக்குள்ள அனுப்புது" என்பார். கையெழுத்துப் போடத் தெரியாத மனுசன்.

ஒன்பதாம் வகுப்பில் சார் ஒரு படத்தைக் காட்டி "இது என்ன உறுப்பு?" என்று கேட்டார். நான் எழுந்து "சுவரொட்டி சார்" என்றேன். மண்ணீரல் என்ற வார்த்தை எனக்குத் தெரியாது. உறுப்பு தெரியும். "இதெல்லாம் நல்லாத் தெரியுமே உங்களுக்கு" என்றார். வகுப்பே சிரித்தது. 'உங்களுக்கு' என்பது மரியாதைக்குச் சொன்னதில்லை என்று எனக்கும் தெரியும், சிரித்தவர்களுக்கும் தெரியும். அன்றைக்கு மண்ணீரலைக் கற்றுக்கொண்டேன். சுவரொட்டியை மறைக்கவும் கற்றுக்கொண்டேன்.

அந்த மறைப்பு எவ்வளவு தூரம் வந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். 1990களில் பி.எட். ஒரு வருஷப் படிப்பு. கற்பித்தல் பயிற்சிக்கு ஒரு பள்ளிக்கூடம் போனேன். அசைபோடும் விலங்குகளின் இரைப்பை பற்றிப் பாடம். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து சார்ட் வரைந்தேன், தெர்மகோலில் நாலு அறை செய்தேன். பாடம் நன்றாகத்தான் போனது. முடிக்கும்போது ஒரு பெண் பிள்ளை கேட்டாள்: "டீச்சர், நீங்க நெசமாவே மாட்டு வயித்தப் பாத்திருக்கீங்களா?"

"படத்துலதாம்மா பாத்திருக்கேன்" என்றேன்.

கடைசி பெஞ்சில் இன்னொரு பெண் கையைப் பாதி தூக்கியிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டதும் இறக்கிக்கொண்டாள். அவள் எந்தத் தெருப் பிள்ளை என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்திருந்தது. எனக்கு அன்று நல்ல மதிப்பெண்.

2015லிருந்து பி.எட். இரண்டு வருஷமானது. பள்ளி அனுபவம் மட்டும் இருபது வாரம் என்று ஆக்கினார்கள். போன வருஷம் எங்கள் மாணவர் ஒருவர் பாடம் எடுப்பதைப் பார்வையிடப் போனேன். ஒன்பதாம் வகுப்பு, ஊட்டச்சத்து. புரதம் எதிலெல்லாம் கிடைக்கும் என்று கேட்டார். பால், முட்டை, பருப்பு, மீன் என்று பிள்ளைகள் சொல்லச் சொல்லக் கரும்பலகையில் எழுதினார். ஒரு பையன் "மாட்டுக்கறி சார்" என்றான். கொஞ்சம் சிரிப்பு. தம்பி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "வேற யாராவது சொல்லுங்க" என்றார். 'சோயா' என்று ஒரு குரல் வந்தது. எழுதினார்.

என் கையில் பார்வைக் குறிப்புத் தாள். பாட அறிமுகம், வினா கேட்டல், வலுவூட்டல், கரும்பலகைப் பயன்பாடு என்று வரிசையாகக் கட்டங்கள். வலுவூட்டல் என்றால் என்ன? சரியான விடை சொன்ன பிள்ளையைப் பாராட்டுவது, தலையசைப்பது, அவன் சொன்னதைக் கரும்பலகையில் எழுதுவது. நான்தான் அதைச் சொல்லிக்கொடுத்தேன். அந்தப் பையன் சொன்னது சரியான விடை. நூறு கிராம் மாட்டுக்கறியில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் இருக்கிறது. அதிலுள்ள இரும்புச்சத்தின் ஒரு பகுதியை உடம்பு கீரையில் இருப்பதைவிடச் சுலபமாக எடுத்துக்கொள்ளும். பயிர்களிலிருந்து இயல்பாகக் கிடைக்காத பி12 அதில் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் இந்தியாவில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அப்படிப்பட்ட நாட்டில் இரும்புச்சத்துள்ள ஒரு சாப்பாட்டின் பேரைச் சொன்னதற்கு ஒரு பிள்ளை தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறான்.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஏம்பா அந்தப் பையன் சொன்னத எழுதல?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "மேடம், எங்க வீட்டுலயும் சாப்புடுவோம். எழுதினா நான் யாருன்னு தெரிஞ்சிடும். இன்னும் பத்து வாரம் இங்கதான் இருக்கணும்."

ஊர்க்காரப் பையனாக இருந்திருந்தால் திட்டியிருப்பேன். இவரை என்னவென்று திட்டுவது? படத்துலதாம்மா பாத்திருக்கேன் என்று சொன்னவள்தானே நான். அந்தப் பெண் பிள்ளையின் பாதி தூக்கிய கை கண்முன்னால் வந்தது. முப்பது வருஷமாக யாரிடமும் சொல்லாததை அந்த வேப்பமரத்தடியில் அவரிடம் சொன்னேன். பெரியப்பாவையும் சொன்னேன், சுவரொட்டியையும் சொன்னேன்.

நுண்ணிலைக் கற்பித்தலில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஆறு நிமிஷம் பாடம், ஆறு நிமிஷம் பின்னூட்டம், பன்னிரண்டு நிமிஷம் திருத்தித் திட்டமிடல், மறுபடி ஆறு நிமிஷம் அதே பாடம், மறுபடி பின்னூட்டம். தப்பினவர் திரும்ப நடத்தலாம். அந்தத் தம்பி அடுத்த வகுப்பிலேயே நடத்தினார். "போன வகுப்புல ஒரு சரியான விடைய எழுதாம விட்டுட்டேன், அது என் தப்பு" என்று சொல்லிவிட்டு, மாட்டுக்கறி என்று எழுதினார். கை நடுங்கியது, எழுத்து கோணிக்கொண்டது. நாலு பேர் சிரித்தார்கள். அவர் நிற்காமல் புரதம், இரும்பு, பி12 என்று அட்டவணையைப் போட்டு முடித்தார். அந்தப் பையன் தலை நிமிரவில்லை. ஆனால் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான்.

வழிகாட்டி ஆசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு "எதுக்கு மேடம் வம்பு" என்றார். "பாடத்துல தப்பு இருந்தாச் சொல்லுங்க சார், திருத்திக்கிறோம்" என்றேன். தப்பு எதுவும் அவர் சொல்லவில்லை.

இப்போது பார்வைக் குறிப்புத் தாளின் அடியில் நானே பேனாவால் ஒரு கட்டம் போட்டுக்கொள்கிறேன். பாடம் முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன்: இன்றைக்கு எந்தப் பிள்ளை சொன்ன சரியான விடையை நீங்கள் எழுதவில்லை? ஏன் எழுதவில்லை? முதல் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வந்துவிடுகிறது. இரண்டாவதற்குத்தான் நேரம் எடுக்கிறது. எனக்கும் அப்படித்தான் ஆனது என்பதால் காத்திருக்கிறேன்.