அட்வான்ஸ் வாங்கிவிட்டேன்

எங்கள் கொட்டாம்பட்டியிலிருந்து திருச்சி போகும் நான்குவழிச் சாலையில் அடுத்த பெரிய ஊர் துவரங்குறிச்சி. கவிஞர் சல்மாவின் ஊர். பெரிய மனுஷியானதும் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டுக்குள் வைத்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் ஒளித்து ஒளித்துத்தான் எழுதினார். 2001இல் அதே ஊரில் பொன்னம்பட்டிப் பேரூராட்சித் தலைவரானார். 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004இல் வந்தது. 2025இல் மாநிலங்களவைக்கே போய்விட்டார்.

அந்த நாவலை எங்கள் ஊரில் முதலில் வாங்கியவன் நான்தான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். தமிழாசிரியர் வேறு, கேட்க வேண்டுமா? அதில் வரும் முஸ்லிம் பெண்களுக்காக மனம் கலங்கியது நிஜம். அந்தக் கலக்கத்தை எதற்குப் பயன்படுத்தினேன் என்பதுதான் விஷயம். ஆசிரியர் அறையில் முஸ்லிம்களைப் பற்றிப் பேச்சு வந்தால் போதும், "சல்மா படிச்சிருக்கீங்களா சார்? அவங்க ஆளே எழுதியிருக்காங்க" என்று ஆரம்பித்துவிடுவேன். ஆண்கள் மட்டும் உட்கார்ந்து பெண்ணின் தலாக்கைப் பேசி முடிக்கிறார்கள் என்று புதுக்கோட்டையில் தாவூத் ஷரீபா கானம் பெண்களுக்கென்று தனி ஜமாத் தொடங்கினாரே, அதுவும் எனக்கு வசதியாகப் போயிற்று. அந்தப் பெண்கள் தங்கள் வீட்டு ஆண்களோடு போட்ட சண்டையைப் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ருசித்தவன் நான். எங்கள் பக்கம் நாட்டு அம்பலம் கூடி ஊர் வழக்கைப் பேசுகிற மந்தையில் ஒரு பெண் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அது ஒருநாளும் எனக்கு உறைத்ததும் இல்லை.

2017 ஆகஸ்ட் 22 அன்று ஷாயரா பானு வழக்கில் முத்தலாக் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளில் மூவர் ஒரு பக்கம், இருவர் ஒரு பக்கம். அன்று ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தேன். "மதம்னா என்ன சார், பொம்பளைக்கு நியாயம் வேணாமா?" என்று கேட்டேன்.

அடுத்த மாதமே மேலூருக்குக் கிழக்கே இருக்கும் வெள்ளலூர் செய்தியில் அடிபட்டது. ஏழைகாத்த அம்மன் திருவிழாவில் தெய்வமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு சிறுமிகள் மேலாடை இல்லாமல், நகை மட்டும் போட்டு நிற்கும் படங்கள் நாடு முழுக்கப் போயின. சிறுமிகளின் உடலை மூட வேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் சொன்னது. தேசிய மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. எனக்கு வந்த கோபம் எல்லாம் படம் எடுத்தவர்கள் மேல்தான். "பிள்ளைகளைச் சாமியாக் கும்பிடுறோம், அதைப் போய் அசிங்கமாப் பாக்குறானே" என்று பேசினேன். பர்தாவைப் பற்றி ஒரு பாய் இதே தொனியில் பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

மறுவருஷம், 2018 செப்டம்பர் 28 அன்று சபரிமலைத் தீர்ப்பு. நான் கார்த்திகைக்குக் கார்த்திகை மாலை போடுகிறவன். எல்லா வயதுப் பெண்களையும் நாலு பேர் அனுமதிக்க, எதிர்த்து எழுதியவர் இந்து மல்கோத்ரா ஒருவர்தான். அந்த அமர்வில் ஒரே பெண் நீதிபதி. அவர் பெயரைச் சொல்லிச் சொல்லியே பேச்சில் ஜெயித்தேன். "சாமி விஷயத்துல கோர்ட்டுக்கு என்ன வேலை?" என்றேன். அதே நீதிமன்றம்தான், வடை வாங்கிக் கொடுத்து நியாயம் கேட்ட அதே வாய்தான். மாலை போட்டிருக்கும் நாட்களில் என் மனைவிக்கு வீட்டு விலக்கு வந்தால் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். மற்ற மாதங்களில் பின்கட்டு, தனித் தட்டு, தனிப் பாய். பேரையூர் பக்கம் கூவலப்புரத்தில் அந்த நாட்களில் பெண்கள் ஊர்ப் பொதுவான முட்டுத்துறையில் போய்த் தங்க வேண்டும் என்று படித்தபோது, "இந்தக் காலத்துல இப்பிடியா?" என்று அவளிடமே சொல்லியிருக்கிறேன். அவள் பின்கட்டிலிருந்துதான் அதைக் கேட்டாள்.

இவ்வளவும் வாய்ப்பேச்சு. கொரோனா கொஞ்சம் அடங்கிய நேரத்தில் மாடி வீடு காலியானது. 'வீடு வாடகைக்கு' என்று கேட்டில் அட்டை கட்டினேன். பர்தா போட்ட இளம்பெண் ஒருத்தி தன் அம்மாவோடு வந்தாள். அரசு வேலையில் மாற்றலாகி வந்திருக்கிறாளாம். சம்பளம் வாங்குகிற, வெளியூரில் தனியாக வீடு பார்க்க வந்திருக்கிற முஸ்லிம் பெண். இத்தனை வருஷம் யாருக்காகக் கலங்கினேனோ அவளே என் வாசலில் நின்றாள்.

பெயர் கேட்டேன். சொன்னாள். "நேத்துத்தாம்மா அட்வான்ஸ் வாங்கிட்டேன்" என்றேன்.

அந்தப் பெண் அட்டையை ஒருதரம் பார்த்தாள். "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். நானோ பொய் சொன்ன கையோடு அட்டையைக் கழற்றியிருக்கலாம். அதுகூடச் செய்யவில்லை. வங்கிக்காரர் ஒருவர் குடிவரும்வரை அது அங்கேயேதான் தொங்கியது. அவள் வேலைக்குப் போகிற வழி எங்கள் தெரு.

கறி சமைப்பார்கள் என்பதைக் காரணமாகச் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மட்டன் பாய் கடையிலிருந்துதான் வருகிறது. தெருவில் என்ன நினைப்பார்களோ, சொந்தக்காரர்கள் வந்தால் என்ன கேட்பார்களோ என்றெல்லாம் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். வேண்டாம் என்று எனக்கே தோன்றியது, அவ்வளவுதான்.

2022 பிப்ரவரி 19, நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல். கர்நாடகக் கல்லூரிகளில் ஹிஜாப் பிரச்சினை கொதித்துக்கொண்டிருந்த நேரம். மேலூர் நகராட்சியின் ஒரு வாக்குச்சாவடியில், ஹிஜாபோடு ஓட்டுப் போட வந்த பெண்ணை அதைக் கழற்றச் சொல்லி பாஜக முகவர் தகராறு செய்தார். மற்றக் கட்சி முகவர்கள் விடவில்லை. அவர் வெளியே அனுப்பப்பட்டார். டிவியில் பார்த்துக்கொண்டிருந்த நான் கொதித்தேன். "நம்ம மேலூர்லயா? ஒரு பொம்பளையோட துணியில கை வைக்க இவன் யாரு?" என்று வீடு அதிரக் கத்தினேன்.

என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "அவனாச்சும் துணியத்தான் எடுக்கச் சொன்னான். நீங்க ஆளையே போகச் சொன்னீங்கள்ல."

அந்தப் பெண் வீடு கேட்டு வந்த அன்று என் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். எனக்குத் தெரியாது. "அப்பவே சொல்லியிருக்கலாம்ல?" என்று அவள் மேல் பாய்ந்தேன். குற்றத்தில் பாதியை அவள் தலையில் கட்டப் பார்த்தேன் என்பதையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். "சொன்னா கேக்குற ஆளா நீங்க?" என்று கீரைத் தண்டுகளை அள்ளிக்கொண்டு எழுந்து போனாள்.

அதற்குப் பிறகு மாலை போடுவதை விட்டேனா என்றால், இல்லை. பின்கட்டுப் பாய் மட்டும் உள்ளே வந்திருக்கிறது. அதுவும் மருமகள் வந்து, "இதெல்லாம் எனக்குச் சரிப்படாது மாமா" என்று முகத்துக்கு நேரே சொன்ன பிறகுதான். சீர்திருத்தம் என்று அதற்கு நான் பெயர் வைத்துக்கொள்ள முடியாது.

வங்கிக்காரர் மாற்றலாகிப் போனதும் புரோக்கர் போன் செய்தார். "சார், ஒரு பாய் குடும்பம் கேக்குறாங்க, பரவாயில்லையா?" வேறு யாருக்காகவும் அவர் என்னிடம் 'பரவாயில்லையா' கேட்டதில்லை. ஊரில் என்னைப் பற்றி ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. வரச் சொன்னேன். வந்தார்கள். மாடியைச் சுற்றிப் பார்த்தார்கள், தண்ணீர் வருகிற நேரம் கேட்டார்கள், வீடு பிடித்திருக்கிறது என்றார்கள். வாடகையில் 500 ரூபாய் மட்டும் குறைக்கச் சொன்னார்கள். கட்டுப்படியாகாது என்று சொல்லிவிட்டேன். கருங்காலக்குடியில் வேறு வீடு பார்த்துக்கொண்டு போனார்கள்.

மதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, வாடகை விவகாரம்தான் என்று இப்போதும் நினைக்கிறேன். வங்கிக்காரர் கேட்டபோது அதே 500 ரூபாயைக் குறைத்துக் கொடுத்திருந்தேன்.