முகத்துவாரம் திறந்திருக்கும் வரை

தை மாதம், வெள்ளி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிப்டு முடித்த பையன்கள் பொன்னேரி வழியாக ஊர் வந்து சேரும் நேரமும், ஏரியிலிருந்து படகுகள் திரும்பும் நேரமும் பழவேற்காட்டில் ஏறக்குறைய ஒன்றுதான். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க, அப்பாவின் பக்கத்தில் குந்தி இறால் பிரிக்கிற பிள்ளைகளை இன்றும் பார்த்தேன். வெள்ளை இறால் ஒரு குவியல், கருப்பு இறால் ஒரு குவியல், கால் கட்டிய நண்டு தனியே. நான் மடவை வாங்கினேன். "குழம்புக்கா, வறுக்கவா?" என்று கேட்காமல் மீன்கார அம்மா அரிவாள்மணையில் கை வைப்பதில்லை. துண்டின் கனத்தை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.

சனி

சாயம் ஏற்றிய பனையோலையில் கூடை பின்னுவது இங்குள்ள முஸ்லிம் பெண்களின் கைத்தொழில். மாலையில் திண்ணைக்குத் திண்ணை பேச்சு போய்க்கொண்டிருக்கும். விரல்கள் தம் பாட்டுக்கு ஓலையை மடக்கிக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டு அக்கா ஒரு சின்னப் பெட்டியைக் கையில் திணித்து, "வெத்தல வச்சுக்க" என்றார். காசு வாங்க மாட்டார். நோன்பு மாதத்தில் அவர் வீட்டிலிருந்து தூக்குவாளியில் கஞ்சி வரும். பொங்கலுக்கு எங்கள் பானையிலிருந்து அங்கே போகும்.

ஞாயிறு

சென்னைக் கார்கள் வந்துவிட்டன. எல்லாரும் முதலில் போவது டச்சுக் கல்லறைக்கு. வாயிலில் செதுக்கிய எலும்புக்கூடுகளோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். 1613-இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். இங்கிருந்து துணி போனது. அடிமைகளாக மனிதர்களும் பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றப்பட்டார்கள். கல்லறையைக் காட்டும் பெற்றோர் இதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். கோட்டைப் பாதிரியார் ஆபிரகாம் ரோஜரியஸ் இங்கிருந்த பிராமணர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதிய புத்தகம் 1651-இல் வெளிவந்தது; அதில் பர்த்ருஹரியின் பாடல்களும் டச்சு மொழியில் உண்டு. அந்நியர் ஒருவர் நம் வாசலில் உட்கார்ந்து காது கொடுத்தார் என்பதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

திங்கள்

கார்கள் போய்விட்டன. அவற்றில் வந்த யாருமே பாடு பற்றிக் கேட்டதாகத் தெரியவில்லை. எனக்கு இந்த ஊரின் பெருமையே அந்தப் பாடுதான். முகத்துவாரத்தை ஒட்டி இறால் நிறையப் படும் இடங்களுக்குப் பாடு என்று பெயர்: வடக்குப் பாடு, ஓடைப் பாடு, முகத்துறைப் பாடு. நல்ல இடம் யாருக்கும் நிரந்தரச் சொத்து இல்லை. பட்டினவர் என்ற மீனவச் சமூகத்தின் குப்பங்கள் முறை வைத்துக்கொள்கின்றன. குப்பத்துக்குள் தலைக்கட்டுகளுக்குச் சீட்டுக் குலுக்கி இடம் ஒதுக்குகிறார்கள். இன்று நல்ல பாட்டில் வலை கட்டியவர் அடுத்த முறை வெறுந்தண்ணீரில் நிற்கலாம். சண்டை வராமல் இல்லை. வந்தால் கிராமப் பஞ்சாயத்து பேசித் தீர்க்கிறது. அந்த முறைக்குள் எல்லாருக்கும் இடமில்லை என்பதையும் எழுதிவைக்க வேண்டும். இருளர் பெண்கள் கழுத்தளவுத் தண்ணீரில் சேற்றைத் தடவித் தடவி, வெறுங்கையால் இறால் பிடிக்கிறார்கள். பறியின் கயிறு பல்லில். அவர்கள் குரலும் அந்தப் பஞ்சாயத்தில் கேட்கும் நாள் வர வேண்டும்.

புதன்

பேச்செல்லாம் மணல் பற்றித்தான். மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் கடலுக்குப் பாயும்போது முகத்துவாரத்தின் வாய் அகலும். வெள்ளம் வடிந்ததும் அலை மணலைத் தள்ளித் தூர்க்கத் தொடங்கும். வாய் மூடினால் கடலில் பொரித்த இறால் குஞ்சு ஏரிக்குள் வராது, உள்ளே வளர்ந்தது கடலுக்குத் திரும்பாது, படகும் போகாது. டீக்கடையில் ஒரு பெரியவர், "மூங்கில ஊனிப் பாத்தேன், இடுப்பளவுகூட இல்ல" என்றார். நிலையான முகத்துவாரம் வேண்டும் என்று இவர்கள் நெடுநாளாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். எந்த மாதம் எந்தப் பக்கம் மணல் ஏறும் என்று அவர் விரலால் மேசையில் வரைந்து காட்டினார். சனிக்கிழமைக் கூட்டத்தில் அவரை முதலில் பேசவிடுங்கள் என்று பஞ்சாயத்தாரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.