பணயமாகும் அறிவு

மாமல்லபுரத்தில் 2022-ஆம் ஆண்டு செஸ் ஒலிம்பியாட் நடைபெற்றது. 2024 டிசம்பரில் சென்னை இளைஞர் குகேஷ் தமது 18-ஆம் வயதில் உலகச் சாம்பியன் ஆனார். நம் வட்டாரத்துப் பிள்ளைகளின் கைகளிலும் சதுரங்கப் பலகை வந்து சேர்ந்திருக்கிறது. அதனுடன் பெற்றோர் உள்ளத்தில் ஓர் ஐயமும் வந்திருக்கிறது.

அணைக்கட்டில் என்னிடம் ஓதும் மாணவன் ஒருவனின் தந்தை, ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவர், ஒரு நாள் மஃரிபுக்குப் பின் வந்து கேட்டார்: "ஹஜ்ரத், பையனைச் செஸ் போட்டிக்கு அனுப்பச் சொல்லி பள்ளிக்கூடத்தில் கேட்கிறார்கள். அது சூதாட்டம் என்று வீட்டில் பெரியவர்கள் அஞ்சுகிறார்கள். அனுப்பலாமா?"

சதுரங்கத்தைப் பற்றி மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. பணயம் வைத்து ஆடுவது ஹராம் என்பதிலோ வேறுபாடே இல்லை. இந்தச் சட்டத்தின் பின்னுள்ள நியாயத்தை விளங்கிக்கொள்ள, ஆட்டத்தையே அன்றாடப் பிழைப்பாக்கிக் கொண்ட ஒரு கூட்டத்தாரை அவருக்கு எடுத்துக் காட்டினேன்.

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் வாஷிங்டன் சதுக்கப் பூங்கா என்றோர் இடம் உண்டு. அதன் தென்மேற்கு மூலையில் சதுரங்க மேசைகள் நிரந்தரமாக அமைக்கப்பட்டிருக்கின்றன. பல்லாண்டுகளாக அங்கே அமர்ந்து, வழிப்போக்கரை ஆட்டத்திற்கு அழைத்து, சில டாலர்களைப் பணயமாக வைத்து ஆடுவோர் இருந்து வருகின்றனர். ஐந்தே நிமிடக் கடிகாரம். ஓயாத கேலிப் பேச்சினால் எதிராளியின் கவனத்தைக் கலைப்பார்கள். முதல் ஆட்டத்தில் வேண்டுமென்றே தோற்று, அவர் ஆசைகொண்டு பணயத்தை உயர்த்தியதும் வெல்வது பழைய தந்திரம். மழையும் பனியும் வந்தால் அன்று வருமானமில்லை. இரவில் தங்க இடமில்லாதோரும் அவர்களிடையே இருந்ததுண்டு.

அவர்கள் அறிவிலிகளா? இல்லை. ஜோஷ் வெய்ட்ஸ்கின் என்னும் ஆறு வயதுச் சிறுவன் சதுரங்கத்தின் ஆரம்பப் பாடங்களை அந்த மேசைகளில்தான் கற்றான். பின்னர் 1993-இல் சர்வதேச மாஸ்டர் பட்டமும் பெற்றான். கற்றுக் கொடுத்தவர்களில் பலர் அதே மேசையிலேயே தங்கிவிட்டனர்.

நம் தோல் வணிகர் நல்ல தோலை வெளிச்சத்தில் விரித்துக் காட்டி விலை பேசுகிறார். தச்சர் தாம் செய்த கதவைத் தட்டிக் காட்டுகிறார். பணயம் வைத்து ஆடுபவரோ தம் திறமையை மறைத்தால்தான் பிழைக்க முடியும். தம்மைவிட அறிவில் குறைந்த ஒருவர் இன்று வந்து ஏமாற வேண்டும் என்பதே அவரது தினசரி எதிர்பார்ப்பு. பிறருடைய நஷ்டத்தை விரும்பாமல் அவருக்கு உணவில்லை. பணத்தைவிட இதுவே பெரும் இழப்பு என்பேன்.

நம் நாட்டில் வேறோர் உதாரணம் உண்டு. போபாலைச் சேர்ந்த முஹம்மது ரஃபீக் கான் தச்சு வேலை செய்தவர். 1976-இல் தேசிய 'பி' சாம்பியன் பட்டத்தை வென்றார். 1980-இல் மால்ட்டாவில் நடந்த ஒலிம்பியாடில் தனிநபர் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 2019-இல் காலமானார். உழைப்புக்கு உளி இருந்தது, அறிவுக்குப் பலகை இருந்தது. அந்த அறிவை அவர் உலகறியக் காட்டினார், ஒளிக்கவில்லை.

இவற்றைக் கூறி அந்தச் சகோதரரிடம் சில நிபந்தனைகளைச் சொன்னேன். தொழுகை தவறக் கூடாது, பாடம் பின்தங்கக் கூடாது. ஒரு தேநீருக்காகவேனும் பந்தயம் கட்டக் கூடாது. கைப்பேசியில் முகம் தெரியாதவரோடு பணம் கட்டி ஆடுவதும் அதே சூதுதான். இவற்றுக்கு உடன்பட்டால் பையன் போட்டிக்குப் போகட்டும் என்றேன்.

பெற்றோர்களே! பிள்ளை எந்த ஆட்டம் ஆடுகிறான் என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எதை வைத்து ஆடுகிறான் என்றும் கேளுங்கள். அறிவு அல்லாஹ் தந்த அமானிதம். அது பணயப் பொருளன்று.