ஈம்: பாட்டும் கொள்ளைநோயும்

இங்கிலாந்தின் டேர்பிஷயர்ப் பகுதியில், குன்றுகளுக்கிடையே அமைந்த சிற்றூர் ஒன்றுக்கு ஈம் என்று பெயர். ஈமம் என்னும் நம் சொல்லுக்கும் அதற்கும் உறவேதும் இல்லை. ஆயினும், அவ்வூரின் வரலாற்றை அறிந்த தமிழர் அந்த ஒலியொற்றுமையை எளிதில் மறக்கமாட்டார்.

1665ஆம் ஆண்டு இலண்டனிலிருந்து அவ்வூர்த் தையற்காரர் வீட்டுக்குத் துணிப்பொதி ஒன்று வந்தது. அதிலிருந்த தெள்ளுப்பூச்சிகளே கொள்ளைநோயைக் கொணர்ந்தன என்பர். செப்டெம்பரில் முதற் சாவு நிகழ்ந்தது. அடுத்த ஆண்டு ஜூனில், குருவானவர் வில்லியம் மொம்பெசனும், முன்னாட் குருவான தோமஸ் ஸ்டான்லியும் கேட்டுக்கொண்டபடி, நோய் அயலூர்களுக்குப் பரவாதிருக்கும்பொருட்டு, எல்லையைத் தாண்டுவதில்லை என்று ஊரார் உடன்பட்டனர். அயலார் எல்லையில் உணவை வைத்துச் செல்வர்; அதற்குரிய காசு கல்லிற் குடைந்த குழிகளில், வினாகிரியில் இடப்பட்டிருக்கும். அந்த எல்லைக்கல் இன்றும் உண்டு. ஊர்ப்புறத்தே ரைலி கல்லறைகளையும் காணலாம். 1666 ஆகஸ்டில், எட்டே நாட்களில், எலிசபெத் ஹான்கொக் என்னும் தாய் தன் கணவனையும் பிள்ளைகள் அறுவரையும் புதைத்த இடம் அது. நோய் ஓய்ந்தபோது மாண்டோர் ஏறத்தாழ 260 பேர் என்பது ஊர்க்கணக்கு.

நம் பாலர் வகுப்புகளிலும் கைகோத்து வட்டமாய்ச் சுற்றி, முடிவிற் பொத்தென்று விழுந்து சிரிக்கும் 'ரிங் எ ரிங் ஓ ரோசஸ்' பாட்டை இக்கொள்ளைநோயோடு இணைத்துப் பேசுவதுண்டு. ரோசா என்பது மேனியிற் தோன்றும் செந்தடிப்பாம், மலர்க்கொத்து நோய் தடுக்கும் மருந்தாம், விழுதல் சாவாம்! ஆனால், இங்கிலாந்தில் இப்பாட்டு அச்சேறியது கேட் கிரீனவே 1881இல் வெளியிட்ட நூலிலேதான். கொள்ளைநோய் விளக்கம் பரவியதோ இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே. சிறுவர் பாடல்களை ஆராய்ந்த ஓப்பி தம்பதியர் அதனை ஏற்கவில்லை.

அப்படியாயின், பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் இவ்விளக்கத்தை ஏன் இத்தனை ஆவலோடு பற்றிக்கொள்கின்றனர்? பிரிவும் சாவும் தமக்கும் உரியவை என்று மனம் முதன்முதல் உணரும் பருவம் அது. அந்த அச்சத்தைப் பெற்றோரிடம் சொல்ல நாணுவர். தாம் பாடித் திரிந்த பாட்டிலேயே அது முன்னரும் ஒளிந்திருந்தது என்று கேட்கும்போது, தம் கலக்கம் புதிதன்று என்ற ஆறுதல் பெறுவர் போலும்.

அவர்களிடம், "அது வெறும் புளுகு" என்று கூறிச் சிரித்துவிட்டால் அந்த மனக்கதவு மூடிவிடும். பாட்டின் உண்மையையும் சொல்லலாம். ஈம் ஊரின் உண்மையையும் சொல்லலாம். அவ்வூர் இளநங்கை எம்மொட் சிடாலும் அயலூர் இளைஞன் ரோலண்ட் டொறேயும், கக்லெட் பள்ளத்தாக்கின் இருபுறமும் நின்று, நெருங்காமலே ஒருவரையொருவர் பார்த்திருந்தனர் என்பது செவிவழிக் கதை. 1666 ஏப்ரலில் அவள் வருவது நின்றது. கட்டிய விளக்கத்தினும் இக்கதையே பிள்ளைகளின் நெஞ்சைத் தொடும். கேட்டபின் அவர்கள் ஏதேனும் சொல்ல விழைந்தால், பெரியோர் பொறுமையோடு செவிசாய்ப்பாராக.