ஒரு சொல்லும் பல வேளையும்

டைம் என்னும் ஆங்கிலச் சொல்லை அறியாதவர் இன்று நம்மிடையே அரியர். ஆங்கிலம் கல்லாத பாட்டிமார் நாவிலும் அது குடியேறிவிட்டது. ‘டைம் என்ன?’ என்கிறோம், ‘டைம் இல்லை’ என்கிறோம், ‘அவனுக்கு நல்ல டைம்’ என்கிறோம். முதலாவது மணி, இரண்டாவது அவகாசம், மூன்றாவது பேறு. சொல் ஒன்றே; பொருள் மூன்று.

என்னிடம் அரபு பயின்ற ஒருவர் பின்னாளில் ஸ்பானிய மொழி கற்கத் தொடங்கினார். அவர் கொணர்ந்த ஆங்கில–ஸ்பானிய அகராதியில் இச்சொல்லுக்குரிய பகுதியை இருவரும் அமர்ந்து பார்த்தோம். காலத்தைப் பொதுவாகக் குறிப்பின் ‘தியெம்போ’. மணி என்னவென்று வினவின் ‘ஓரா’. முதல் தடவை, மூன்று தடவை என எண்ணின் ‘வெஸ்’. ஒரு சகாப்தத்தைச் சுட்டின் ‘எப்போகா’. மூன்றை நான்கால் பெருக்கும்போதும் ஆங்கிலேயர் இதே சொல்லைப் பன்மையில் ஆள்வர். ஸ்பானியரோ அவ்விடத்தில் ‘போர்’ என்னும் சிறு இடைச்சொல்லோடு அமைவர்.

ஆங்கிலம் ஒரே கூடையில் இட்டதை ஸ்பானியம் ஐந்து கூடைகளில் பிரித்து வைத்திருக்கிறது. ஆயின் அம்மொழி எங்கும் பிரித்துக்கொண்டே செல்லவில்லை. வெயில் மழை என்னும் வானிலையையும், வினைச்சொல்லின் முக்காலத்தையும் அதே ‘தியெம்போ’ என்ற சொல்லாலேயே அழைக்கிறது. ஆங்கிலத்திலோ இவ்விரண்டிற்கும் வெவ்வேறு சொற்கள் உள. நாமும் மழைக்காலம் என்கிறோம். இறந்தகாலம், எதிர்காலம் என்கிறோம். இவ்விடத்தில் தமிழ் ஸ்பானியத்தின் பக்கம் நிற்கின்றது. ‘ஓரா’ கிரேக்கத்திலிருந்து இலத்தீன் வழியாக ஸ்பானியத்தை அடைந்த சொல். நம் பஞ்சாங்கத்து ‘ஓரை’யும் வடமொழி வழியாக அதே கிரேக்க மூலத்தோடு உறவுடையது என்பது மொழியறிஞர் பலர் கருத்து.

எந்தச் சொல்லை எங்கே பிரிப்பது, எங்கே சேர்ப்பது என்பது அந்தந்த மொழியின் உரிமை. இதனை உணராது, ஒரு சொல்லுக்கு எதிரே ஒரே பொருளை எழுதி மனனம் செய்வோர் இடர்ப்படுவர். எங்கள் மதரசாவில் மாணவர் ஒருவர் மறைவசனமொன்றைத் தமிழாக்கினார். வளைகுடா செல்வோருக்கான கையேட்டில் ‘ஸாஅத்’ என்றால் மணி, கடிகாரம் என்று படித்திருந்தார். கியாமத்து நாளைக் குறிக்கும் இடத்திலும் ‘கடிகாரம் நெருங்கிவிட்டது’ என எழுதிவிட்டார். உடன் பயில்வோர் நகைத்தனர். எனக்கு நகைப்பு வரவில்லை. அவர் எழுதிய பொருள் இன்றைய அரபியில் மெய்யான பொருளே. இடம்தான் வேறு. நாளை அவர் மிம்பரில் நிற்பார். அவர் வாயால் கேட்பதே மார்க்கம் என நம்பி எதிரே ஓர் ஊர் அமர்ந்திருக்கும். அதை எண்ணியே கவலையுற்றேன்.

பலபொருள் ஒருசொல்லை எவ்வாறு தெளிவது என்பதற்குத் தொல்காப்பியர் வழி வகுத்திருக்கிறார். உடன் வரும் வினையாலும், இனத்தாலும், சார்பாலும் பொருள் விளங்கும் என்பது அவர் கொள்கை. மா பூத்தது எனின் மரம். மா ஓடிற்று எனின் விலங்கு. அரபு நூலோர் இத்தகைய சொல்லை ‘முஷ்தரக்’ என்பர். பொருளைக் காட்டித்தரும் சார்பைக் ‘கரீனா’ என்பர். ஒருவரையொருவர் காணாத இரு மரபினர் ஒரே முடிவுக்கு வந்திருப்பது என்னை என்றும் வியக்கச் செய்கிறது.

சார்பை ஆராய்வதில் எத்துணைப் பொறுப்பு உண்டு என்பதற்கு ஒரு சான்று. மணவிலக்குப் பெற்ற பெண்டிர் மூன்று ‘குரூஉ’ காத்திருக்க வேண்டும் என்கிறது சூரத்துல் பகராவின் 228-ஆம் வசனம். அச்சொல் மாதவிடாயையும் குறிக்கும். இரு மாதவிடாய்களுக்கு இடைப்பட்ட தூய்மைக் காலத்தையும் குறிக்கும். ஹனபி மத்ஹபினர் முன்னதைக் கொண்டனர். ஷாபிஈ மத்ஹபினர் பின்னதைக் கொண்டனர். இரு சாராரும் அருகிலுள்ள ‘மூன்று’ என்னும் சொல்லையே சான்றாக்கினர். அரபியில் அந்த எண்ணின் வடிவம் ஆண்பாற் பெயரோடு வருவது. ஆதலின் ஆண்பாலாகிய ‘துஹ்ர்’ என்னும் தூய்மையே பொருள் என்றனர் ஷாபிஈகள். தூய்மையைக் கொண்டால் தலாக் நிகழ்ந்த அரைகுறைக் காலமும் ஒன்றாக எண்ணப்படும், மூன்று என்பது முழுமையாக நிறையாது என்றனர் ஹனபிகள்.

இவ்விரு மத்ஹபினரும் தமிழகத்தில் அடுத்தடுத்து வாழ்கின்றனர். ஒரே நாளில் தலாக் பெற்ற இரு பெண்களின் இத்தா வெவ்வேறு நாளில் முடியக்கூடும். ஒரு சொல்லின் பொருள் ஒரு பெண்ணின் மறுமண நாளையே தீர்மானிக்கிறது. ஆயினும் இமாம்கள் ஒருவரையொருவர் மொழியறியாதவர் என இகழவில்லை; எதிர்த்தரப்பின் சான்றையும் தம் நூல்களில் எழுதிவைத்தே மறுத்தனர்.

இக்காரணத்தால், என் வகுப்பில் சொற்பட்டியல் எழுதும் மாணவர் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே பொருளோடு ஒரு வாக்கியமும் எழுத வேண்டும். இரண்டாம் பொருள் கிடைத்தால் இரண்டாம் வாக்கியம். ஏடு சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்று பிள்ளைகள் குறைப்படுவதுண்டு. வேறு ஏடு வாங்கிக்கொள்ளுங்கள் என்பதே என் மறுமொழி.