இரவல் வண்டி

இரவல் என்னும் சொல் இரத்தல் என்னும் வினையடியாகப் பிறந்தது. ஆதலால் இரவல் வாங்குவோன் தலை சற்றே குனிந்தவனாகவே நிற்கிறான். இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தவளைப் பற்றிய பழமொழி ஊரறிந்தது. ஆனால் தன் பொருளை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, அது திரும்பும் வரை அவர் தரும் பொருளைக் கையாள்பவன் நிலை வேறு. சொந்த வண்டியைப் பழுது பார்க்க விட்டுவிட்டு, பட்டறையார் தரும் மாற்று வண்டியில் வீடு திரும்புகிறவனை இரவலன் என்பதா, வாடிக்கையாளன் என்பதா? இக்கேள்வி எனக்கு ஏட்டளவில் எழுந்ததன்று. கொட்டும் மழையில் எழுந்தது.

பட்டறையைச் சங்கப் புலவரும் பாடியிருக்கின்றனர். அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவனுடைய படைக்கலக் கொட்டிலைக் கண்டு பாடிய பாட்டு புறநானூற்றில் 95ஆம் பாட்டாக உள்ளது. தொண்டைமானின் வேல்கள் நெய் பூசப்பெற்றுப் பீலி சூடிக் காவலுக்குள் இருக்கின்றன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன. உழைக்கும் பொருளே பட்டறைக்குப் போகும் என்பது அதன் உட்கிடை. எனக்கு மட்டும் ஓர் ஐயம் உண்டு. வேல்களெல்லாம் உலைக்களத்தில் கிடந்த நாளில் அதியமானின் வீரர்கள் எதை ஏந்தி நின்றனர்? கொல்லன் மாற்று வேல் ஏதும் கொடுத்தானா? கொடுத்திருந்தால், அதன் காம்பு ஆடாமல் இருந்ததா? பாட்டு இதைச் சொல்லவில்லை. வகுப்பில் மாணவர் எவரேனும் கேட்டால் நான் விழிக்க வேண்டியதுதான்.

உத்திரமேரூர்க் கடைவீதியில் சைக்கிள் கடைகள் செழித்திருந்த காலத்தில் மாற்று வண்டி என்பது புதுமையன்று. ஆண்டுக்கொரு முறை சைக்கிளை ‘ஓவராயிலிங்’ செய்யக் கொடுப்போம். சக்கரங்கள் கழற்றப்பட்டு, குண்டுகள் மண்ணெண்ணெயில் ஊறி, ஹேண்டில் பார் ஒருபுறமும் சீட்டு ஒருபுறமுமாக நம் வண்டி கிடக்கும். அதுவரைக்கும் கடையின் வாடகை சைக்கிள்களுள் ஒன்றை எடுத்துப் போகச் சொல்வார் கடைக்காரப் பெரியவர். மட்கார்டில் எண் எழுதப்பட்ட அந்த வண்டிகளைப் பார்த்தாலே தெரியும். பெல் இராது, இருந்தாலும் ஒலிக்காது. பெடலில் கட்டை தேய்ந்து இரும்புத் தண்டு மட்டும் எஞ்சியிருக்கும். ஏமாற்றம்தான். ஆயினும் வண்டியைக் கையில் கொடுக்கும்போதே அவர் சொல்லிவிடுவார்: “தம்பி, முன் பிரேக் பிடிக்காது. பின் பிரேக்கை மட்டும் நம்பு. இறக்கத்திலே செயின் கழலும், காலைக் கொடுக்காதே.” அந்த ஒரு வாக்கியத்தால் வண்டியின் குறை பாதியாகிவிடும். குறையை அறிந்தவன் அதற்கேற்ப ஓட்டுவான்.

சில ஆண்டுகளுக்கு முன் என் காரை வண்டி வாங்கிய நிறுவனத்திலேயே சர்வீஸுக்கு விட்டேன். நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டியதில்லை. கண்ணாடிச் சுவர்கள், குளிரூட்டிய அறை, காகிதக் கோப்பையில் தேநீர். என் வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு கீறலையும் ஜாப் கார்டில் படம் வரைந்து குறித்தார் ஓர் இளைஞர். ஓடிய கிலோமீட்டர், தொட்டியில் உள்ள பெட்ரோல், மாற்றுச் சக்கரம், ஜாக்கி அனைத்தும் பதிவாயின. வேலை மூன்று நாள் ஆகும் என்று கூறி ஒரு மாற்று வண்டியும் தந்தனர். மகிழ்ச்சியாகவே இருந்தது. அம்மகிழ்ச்சி வாயிலைத் தாண்டும் வரை நீடித்தது.

பெட்ரோல் முள் சிவப்புக் கோட்டில் படுத்திருந்தது. இடப்பக்கக் கண்ணாடி பாதியில் இறங்கி நின்றது. பிரேக்கை அழுத்தினால் வண்டி இடப்புறம் ஒதுங்கியது. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். மறுநாள் மாலை, காய்ச்சலில் துவண்டிருந்த மகளைக் காஞ்சிபுரத்தில் மருத்துவரிடம் காட்டிவிட்டுத் திரும்புகையில், மாகரல் அருகே மழை பிடித்துக்கொண்டது. வைப்பரைப் போட்டேன். ஓட்டுநர் பக்கத்துத் தண்டில் ரப்பரே இல்லை. வெறும் இரும்பு கண்ணாடியைக் கீறிக்கொண்டு ஆடியது. எதிரே வந்த லாரியின் விளக்கு கண்ணாடி முழுவதும் சிதறி, சாலை எது, ஓரம் எது என்று தெரியவில்லை. புளியமரம் ஒன்றின் அடியில் ஒதுங்கி, பாதி திறந்த சன்னலுக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றோம். மழை விட்ட பிறகே ஊர் வந்து சேர்ந்தோம்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது கூறினேன். அந்த இளைஞர் கோபப்படவும் இல்லை, வியப்படையவும் இல்லை. “அது அப்படித்தான் சார், எங்களுக்குத் தெரியும்” என்றார்.

தெரியும் என்ற அந்தச் சொல்லே என்னை உறுத்தியது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில், பொருளை மற்றொருவரிடம் ஒப்படைப்பது பற்றிய பகுதியில், 150ஆம் பிரிவு இதைத்தான் பேசுகிறது. தன் பொருளில் தனக்குத் தெரிந்த குறை, அதன் பயன்பாட்டைப் பெரிதும் கெடுப்பதாகவோ பெறுபவரை வழக்கத்துக்கு மீறிய ஆபத்தில் தள்ளுவதாகவோ இருந்தால், கொடுப்பவர் அதை வெளிப்படுத்தியாக வேண்டும். தவறினால், அக்குறையால் நேரும் இழப்புக்கு அவரே பொறுப்பு. வாடகைக்குக் கொடுத்திருந்தாலோ, குறை தமக்குத் தெரியாது என்று சொல்லியும் தப்ப முடியாது. இலவசமாகக் கொடுப்பவருக்குச் சட்டம் சற்றே சலுகை காட்டுகிறது. ஆனால் தெரிந்தும் மறைப்பதற்குச் சலுகை இல்லை. சைக்கிள் கடைப் பெரியவர் இப்பிரிவைப் படித்திருக்க மாட்டார்.

நிறுவனத்தார் என்னிடம் கையெழுத்து வாங்கிய தாளை வீட்டில் நிதானமாகப் படித்தேன். கீறல் விழுந்தால் நான் பொறுப்பு, அபராதம் வந்தால் நான் பொறுப்பு, தாமதித்தால் நான் பொறுப்பு. கொடுப்பவர் கடமை என்று ஒரு வரியும் இல்லை. பெறுபவனின் பொறுப்பைப் பற்றி நம் ஃபிக்ஹு நூலோர் நுணுக்கமாக ஆராய்ந்துள்ளனர். இரவற்பொருள் பெறுபவன் கையில் அமானிதமே, அவன் கவனக்குறைவால் கெட்டாலன்றி ஈடு தர வேண்டியதில்லை என்பது ஹனஃபி அறிஞர் கருத்து. ஷாஃபிஈ அறிஞரோ பெறுபவன் பிணைப்பட்டவன், இழப்பு நேர்ந்தால் ஈடு செய்ய வேண்டும் என்பர். ஹிஜ்ரி 8இல் ஹுனைன் போருக்கு முன் ஸஃப்வான் இப்னு உமையாவிடம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கவசங்களை இரவல் கேட்டபோது, பறித்துக்கொள்கிறீர்களா என்று அவர் வினவ, இல்லை, திருப்பித் தரும் பொறுப்புள்ள இரவலே என்று விடையளித்த செய்தி இவ்விவாதத்தின் நடுவே நிற்கிறது. ஸஃப்வான் அப்போது இஸ்லாத்தை ஏற்காதவர் என்பது கருதத்தக்கது.

இன்னொரு நிகழ்ச்சியும் நினைவுக்கு வருகிறது. மதீனாவில் திடீரென ஓர் அச்சம் பரவியபோது, அபூதல்ஹா (ரலி) அவர்களின் குதிரையை நபிகளார் இரவல் பெற்று, அச்சம் எழுந்த திசை நோக்கித் தனியே சென்று பார்த்துத் திரும்பினார்கள். மெதுவாக நடப்பது என்று பெயர் பெற்ற குதிரை அது. திரும்பி வந்தவர்கள், அஞ்சுவதற்கு ஏதுமில்லை என்று மக்களைத் தேற்றியதோடு, அக்குதிரையைக் கடலுக்கு ஒப்பிட்டுப் புகழ்ந்தார்கள். இரவல் பெற்றவர் உடைமையாளரின் மனம் குளிரப் பேசிய அழகு அது. நானும் நல்லதொன்று சொல்ல முயன்றேன். ஹாரன் நன்றாக ஒலித்தது என்பது தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

இது வெறும் வசதிக்குறைவு பற்றிய பேச்சன்று. இரவலாகப் பெற்ற மோட்டார் சைக்கிளை ஓட்டிச் சென்று விபத்தில் இறந்த ஒருவரின் குடும்பத்தார், பிறர் குற்றத்தை மெய்ப்பிக்கத் தேவையில்லாத 163அ பிரிவின் கீழ் இழப்பீடு கேட்ட வழக்கில், 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரவல் பெற்று ஓட்டியவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார். ஆகவே அப்பிரிவின் கீழ் அவருக்காக இழப்பீடு கேட்க இயலாது என்பதே தீர்ப்பு. 163அ பிரிவு பின்னர் மாற்றப்பட்டது. காப்புறுதியில் உரிமையாளரே ஓட்டுநராக இருக்கும்போது தரப்படும் தனிநபர் விபத்துப் பாதுகாப்பு 2018இல் 15 லட்ச ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதுவும் பதிவுபெற்ற உரிமையாளருக்கே உரியது. அந்த மழையில் லாரி எங்கள் மீது மோதியிருந்தால் வழக்கு வேறாக இருந்திருக்கும். ஆனால் நானே புளியமரத்தில் மோதியிருந்தால், மாற்று வண்டியின் காப்புறுதித் தாளில் என் பெயரைத் தேடிப் பயனில்லை.

பதிவாகாத வண்டியைக் கொடுப்போரும் உண்டு. விற்பனையாளரிடம் உள்ள வர்த்தகச் சான்று, வண்டியைச் சோதித்தல், வாங்குவோரிடம் கொண்டு சேர்த்தல் போன்ற சில காரியங்களுக்கு மட்டுமே செல்லும். வாடிக்கையாளரின் அன்றாடப் பயணத்திற்குச் செல்லாது. மாணவர்கள் நாளை வண்டி வாங்குவீர்கள். சாவியை வாங்கும் முன் ஆர்.சி., காப்புறுதித் தேதி, புகைச் சான்று மூன்றையும் கேட்டுப் பாருங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். அவர்கள் உங்கள் வண்டியின் கீறலை எண்ணுவதில் கூசுவதில்லை.

எங்கள் ஊர்க்காரர் எதை எழுதினாலும் குடவோலைக் கல்வெட்டைத் தொடாமல் விடுவதில்லை என்று நண்பர்கள் கேலி செய்வர். செய்யட்டும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகள், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரையும் அவர் உறவினரையும் குடவோலைக்கே புகவிடாமல் விலக்கின. ஊர்ப் பொருளைக் கையாள்பவர் மீதுதான் அங்கே நிபந்தனைகள் அடுக்கப்பட்டன. நான் கையெழுத்திட்ட தாளில் அடுக்கு தலைகீழாக இருந்தது.

அண்மையில் வேறொரு பட்டறையில் மாற்று வண்டி தந்தனர். சாவியை வாங்காமல், “இதில் என்ன குறை?” என்று கேட்டேன். கொடுக்க வந்த பையன் திகைத்தான். பிறகு வண்டியைச் சுற்றி வந்து, விளக்கைப் போட்டுப் பார்த்து, உள்ளே அமர்ந்து ஒவ்வொன்றாகத் திருகினான். “பின் கதவு உள்ளேயிருந்து திறக்காது சார். ஸ்டெப்னியிலே காற்று கம்மி” என்றான். தாளில் எழுதச் சொன்னேன். மேலாளரைக் கேட்டு வந்து எழுதினான். அதன் கீழே கையெழுத்திட்டேன். காற்றையும் அவனே நிரப்பிக் கொடுத்தான்.