புது மீனுக்கு முப்பது நாள் தனி ரூம்

கடல் மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கும், வைக்க ஆசைப்படுபவர்களுக்கும் ஒரு த்ரெட். கொஞ்சம் நீளம்தான். என் தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்க வீட்டுத் தொட்டியில் இரண்டு வருஷமாக நாலு மீன். இரண்டு க்ளவுன், ஒரு கோபி, ஒரு டாம்சல். கூடவே கொஞ்சம் பவளம், ஒரு இறால். பிறந்தநாளுக்கு மகள் ‘டோரி’ கேட்டாள். அதாவது நீல டேங் மீன். கடையில் நல்லா நீந்துச்சு, தீனி போட்டதும் சாப்பிட்டுச்சு. நைட் டியூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில், அன்னைக்கே பெரிய தொட்டியில் விட்டுட்டேன்.

வார்டில் காசநோய் சந்தேகம் என்றாலே நோயாளியைத் தனியாகப் படுக்க வைக்கும் அதே ஆள்தான்!

நாலாம் நாள் டோரி உடம்பில் ரவை தூவிய மாதிரி வெள்ளைப் புள்ளிகள். பாறையில் உரசிக்கொண்டே இருந்தது. மூணு நாளில் புள்ளிகள் மறைந்தன. “சரியாகிடுச்சு பாப்பா” என்றேன். பத்து நாள் கழித்து எல்லா மீனுக்கும் புள்ளி, மேல்மூச்சு. ஒரு க்ளவுன் தவிர அத்தனையும் போச்சு.

என்ன நடந்தது? இந்த ஒட்டுண்ணி பெயர் கிரிப்டோகேரியான். மீனின் தோலுக்கும் செவுளுக்கும் அடியில் புகுந்து 3 முதல் 7 நாள் தின்னும். பிறகு தானே உதிர்ந்து, மணலிலோ பாறையிலோ ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ளும். கூட்டுக்குள் பெருகி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாக வெளியே வரும். ஓரிரு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் அவை செத்துவிடும். ஒரு தொட்டிக்குள் மீன் கிடைக்காமலா போகும்?

அதாவது புள்ளி மறைந்தது குணமானதால் அல்ல. அடுத்த படை தயாராகப் போனதால்.

வைவாக்ஸ் மலேரியா மாதிரிதான். குளோரோகுயின் போட்டதும் காய்ச்சல் நிற்கும். ஈரலில் ஒளிந்திருப்பது அப்படியே இருக்கும். அதனால்தான் 14 நாள் பிரைமாகுயினை பாதியில் நிறுத்தாதீங்க என்று கெஞ்சுகிறோம். இங்கேயும் தோலுக்கடியில் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் மருந்து தொடாது. வெளியே நீந்தும்போது மட்டும்தான் சாகும்.

இனி, செய்ய வேண்டியது.

ஒரு சின்னத் தனித் தொட்டி. மணல், பாறை வேண்டாம். ஒளிந்துகொள்ள பிவிசி பைப் துண்டு, ஒரு ஹீட்டர், ஏற்கெனவே பாக்டீரியா பிடித்த ஸ்பாஞ்ச் ஃபில்டர். அம்மோனியாவை அடிக்கடி டெஸ்ட் பண்ணுங்க. புது மீன் குறைந்தது 30 நாள் அங்கேதான். வலை, வாளி, குழாய் எல்லாம் தனி. கடைத் தண்ணியைத் தொட்டியில் ஊத்தவே கூடாது.

சிகிச்சைக்கு இரண்டு வழி. ஒன்று, தாமிர மருந்து. லேபிளில் உள்ள அளவை டெஸ்ட் கிட் வைத்துப் பார்த்து, குறையாமலும் கூடாமலும் வைக்கணும். பவளமும் இறாலும் உள்ள தொட்டியில் தாமிரம் போட்டால் அவை செத்துவிடும். என் பெரிய தொட்டியில் நான் கையைக் கட்டி நின்றது இதனால்தான். இரண்டாவது, மருந்தே இல்லாமல், 3 நாளுக்கு ஒருமுறை சுத்தமான வேறு தொட்டிக்கு மாற்றுவது. மொத்தம் நாலு முறை. கூடு வெடிக்கும் முன் மீன் இடம் மாறிவிடும்.

மீன் மட்டுமல்ல, புதுப் பவளம், நத்தை ஓடு ஆகியவற்றிலும் கூடு ஒட்டி வரலாம். அவற்றையும் மீன் இல்லாத தனித் தொட்டியில்தான் வைக்கணும்.

ஏற்கெனவே வந்துவிட்டதா? எல்லா மீனையும் வெளியே எடுத்துச் சிகிச்சை கொடுங்க. பெரிய தொட்டி 76 நாள் மீன் இல்லாமல் இருக்கட்டும். சில கூடுகள் 72 நாள் வரைகூடத் தாங்கும்.

“பிழைத்த மீன் நல்லாத்தானே இருக்கு, அதை ஏன் எடுக்கணும்?” என்று கேட்காதீங்க. எதிர்ப்புச் சக்தி வந்த மீன், வெளியே ஒன்றும் தெரியாமல் செவுளில் கொஞ்சம் வைத்திருக்கலாம்.

எங்க க்ளவுன் இப்போ பிளாஸ்டிக் தொட்டியில், பைப்புக்குள். பெரிய தொட்டியில் பவளமும் இறாலும் மட்டும். மகள் தினசரி காலண்டரில் நாள் எண்ணுகிறாள். இன்று 41. “இப்போ சரியாகிடுச்சாப்பா?” என்று கேட்டாள். இந்த முறை, “இன்னும் இல்லை பாப்பா, 35 நாள் இருக்கு” என்றேன்.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்க. டியூட்டி முடிந்து பதில் சொல்றேன்.